வீட்டுக்குள் பேயை விடலாமா?

சனிக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்துவிட்டது. பாட்டி வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்து இருக்கிறாள். அப்பா நாற்காலியில் சாய்ந்து இருக்கிறார். அம்மா சமையல் அறை விளக்கை அணைத்துவிட்டு வந்து அமர்கிறாள்.

டெலிவிஷனில் பேய்ப்படம் ஓடுகிறது.

பாழடைந்த பங்களா. நடு இரவு. கதவு "கிரீச்" என்று தானாகத் திறக்கிறது.

பேரன் இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொள்கிறான். ஆனால், விரல்களைக் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டு, அந்தச் சந்து வழியாகப் பார்க்கிறான்!

"பயமாக இருந்தால் போய்ப் படுத்துக்கொள்ளேன்டா" என்கிறாள் பாட்டி.

"மாட்டேன் பாட்டி. பேய் வரட்டும். பார்த்துவிட்டுப் போகிறேன்" என்கிறான் பேரன்.

அவனுக்குப் பயமும் வேண்டும். பேயும் வேண்டும். பாட்டியின் மடியும் பக்கத்தில் வேண்டும்!

பேய்ப்படத்தின் ரகசியம் இதுதான்.

முன்பெல்லாம் பேய்ப்படம் பார்க்கத் தியேட்டருக்குப் போகவேண்டும். இப்போது வீட்டிலேயே பார்க்கலாம். செல்போனில்கூட வந்துவிட்டது. ஆகவே, "வீட்டுக்குள் எந்தப் பேயை விடலாம், எந்தப் பேயை விடக்கூடாது?" என்ற கேள்வி ஒவ்வொரு குடும்பத்துக்கும் வந்துவிட்டது.

"பேய்ப்படமே ஆகாது" என்று சொல்பவர்கள் உண்டு. "விளக்கு வைத்த வீட்டில் பேய்ப் பேச்சு எதற்கு?" என்பார்கள்.

அது சரி அல்ல. வேதாளம் முருங்கை மரத்தில் ஏறிய கதையை யார் சொன்னார்கள்? புளியமரத்துப் பேயையும், வழிமறித்துச் சுண்ணாம்பு கேட்கும் மோகினியையும் யார் சொன்னார்கள்? பாட்டிமார்கள்தானே! பேய்க்கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை.

படத்தைத் தேர்ந்து எடுப்பதற்கு ஒரே ஓர் அளவுகோல் போதும்.

பார்க்கும்போது பயம் வரவேண்டும். பார்த்து முடித்ததும் தெளிவு வரவேண்டும். அந்தப் படம்தான் வீட்டுக்கு ஏற்ற படம்.

பயம் ஏன் இனிக்கிறது?

பயம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. மூச்சு வேகமாக வருகிறது. ஓடுவதற்கோ, எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு தயார் ஆகிறது.

தெருவில் வெறிநாய் துரத்தினாலும் இப்படித்தான் ஆகும். ஆனால் அதை யாரும் ரசிப்பது இல்லை.

படத்தில் வரும் பேய் துரத்தினால் ரசிக்கிறார்கள். ஏன்? அது திரையைவிட்டு வெளியே வராது என்று தெரியும். ஆபத்து இல்லாத பயம் அது. ராட்டினத்தில் சுற்றுகிறவன் அலறிக்கொண்டே சிரிக்கிறான் அல்லவா? அதைப் போல.

சின்னக் குழந்தைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. திரையில் வருவது பொய் என்று அதற்கு முழுதாகப் புரியாது. பெரியவர்களுக்கு ராட்டினமாக இருப்பது, குழந்தைக்கு வெறிநாயாக ஆகிவிடும். இதைப் பெற்றோர் மறக்கக்கூடாது.

ரத்தம் வேறு, பயம் வேறு!

சில படங்களில் குடம் குடமாக ரத்தம் கொட்டுகிறது. கையை வெட்டுகிறார்கள். தலையை அறுக்கிறார்கள். பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அது பயம் அல்ல. அருவருப்பு!

உண்மையான பயம், காட்டாத பொருளில்தான் இருக்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோதுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆல்பிரட் ஹிட்ச்காக் என்ற டைரக்டர் 1960-ம் ஆண்டில் "சைக்கோ" என்ற படத்தை எடுத்தார். அதில் குளியல் அறையில் ஒரு பெண் கொலை செய்யப்படுவாள். உலகமே நடுங்கிய காட்சி அது. ஆனால், கத்தி உடம்பில் பாய்வதை அதில் ஏறக்குறைய காட்டவே இல்லை. படம் கறுப்பு-வெள்ளை. தண்ணீரில் கரைந்து ஓடிய ரத்தம் எது தெரியுமா? சாக்லேட் பாகு!

பயமுறுத்தியது கத்தி அல்ல. பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த இசைதான். வயலின்கள் கத்தியைப் போலக் கீச்சிட்டன.

வீட்டில் குழந்தை மிகவும் பயந்தால், டெலிவிஷனில் சத்தத்தை அடியோடு குறைத்துப் பார்க்கலாம். பேயின் பலம் பாதி போய்விடும். "பார்த்தாயா? உன்னைப் பயமுறுத்தியது பேய் அல்ல, சத்தம்தான்" என்று அப்போது சொல்லிக்கொடுக்கலாம். (சைக்கோ படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டாம். அது பெரியவர்களுக்கு.)

சிரிக்கவைக்கும் பேய்கள்

முதல்முதலாகப் பேய்ப்படம் பார்க்கும் குழந்தைக்கு எந்தப் படம் நல்லது?

சத்யஜித் ரே 1969-ம் ஆண்டில் எடுத்த "கூபி காய்னே பாகா பாய்னே" என்ற வங்காளிப் படத்தைக் காட்டலாம். ரேயின் தாத்தா உபேந்திர கிஷோர் எழுதிய கதை அது.

கூபிக்குப் பாட வராது. பாகாவுக்கு மேளம் அடிக்க வராது. இருவரையும் ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள். காட்டில் பேய்களின் ராஜாவைச் சந்திக்கிறார்கள். அது மூன்று வரம் கொடுக்கிறது. கை தட்டினால் சோறும் துணியும் வரும். நினைத்த இடத்துக்குப் போகலாம். பாடினால் கேட்பவர்கள் சிலையாக நிற்பார்கள்!

அதில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஒரு பேய் நடனம் வருகிறது. ராஜா பேய், குடியானவப் பேய், வெள்ளைக்காரப் பேய், தொந்திப் பேய் என்று வகை வகையாக ஆடுகின்றன. ஒன்றோடு ஒன்று சண்டையும் போடுகின்றன. மொழி தெரியாவிட்டாலும் குழந்தைகள் ரசிப்பார்கள்.

1978-ல் விட்டலாச்சார்யா எடுத்த "ஜகன்மோகினி"யைப் பெரியவர்கள் மறந்து இருக்கமாட்டார்கள். தெலுங்கிலே எடுத்து, தமிழிலும் வந்தது. பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்து எரிக்கும் காட்சி அதில் உண்டு! அன்று அதைப் பார்த்து நடுங்கியவர்கள், இன்று பேரப்பிள்ளைகளோடு பார்த்தால் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

பயந்த பொருளைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொள்வதும் ஒரு பாடம்தான்.

நியாயம் கேட்கும் பேய்கள்

நல்ல பேய்ப்படத்தில் பேய் சும்மா வராது. அதற்கு ஒரு குறை இருக்கும். யாரோ செய்த அநியாயம் இருக்கும்.

ஸ்ரீதர் டைரக்ட் செய்த "நெஞ்சம் மறப்பதில்லை" 1963-ல் வெளிவந்தது. கல்யாண்குமாரும் தேவிகாவும் நடித்தார்கள். ஜமீன்தார் மகன் ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான். ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை. போன பிறவியில் நடந்த அந்தக் கொடுமை, இந்தப் பிறவியிலும் தொடர்ந்து வருகிறது. நூறு வயதைத் தாண்டிய கிழவராக எம்.என்.நம்பியார் வருவார். பேய் தேவை இல்லை. அந்த முகம் போதும்!

அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் ஏ.வின்சென்ட். இருட்டையும் வெளிச்சத்தையும் வைத்தே பயமுறுத்தினார்.

அவரே அடுத்த ஆண்டு, 1964-ல், டைரக்டர் ஆனார். "பார்கவி நிலையம்" என்ற மலையாளப் படத்தை எடுத்தார். கதை வசனம் எழுதியவர் வைக்கம் முகமது பஷீர்.

ஓர் எழுத்தாளர் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார். அந்த வீட்டில் பார்கவி என்ற பெண்ணின் பேய் உலாவுவதாக ஊர் சொல்கிறது. எழுத்தாளர் ஓடவில்லை. மந்திரவாதியைக் கூப்பிடவும் இல்லை. பேயோடு பேசுகிறார்! "நீ யார் அம்மா? உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்பவரைப் போல, அவள் கதையை எழுதத் தொடங்குகிறார். ஊர் சொன்னது ஒன்று. நடந்தது வேறு என்று தெரிகிறது. இந்தக் கதையை 2023-ல் "நீலவெளிச்சம்" என்ற பெயரில் மறுபடியும் எடுத்தார்கள்.

பேயை விரட்டுவதைவிட, அதன் குறையைக் கேட்பது மேல் என்பது எவ்வளவு அழகான கருத்து!

மிஷ்கின் டைரக்ட் செய்து 2014-ல் வந்த "பிசாசு" படமும் இந்த வகைதான். விபத்தில் அடிபட்ட பெண்ணைக் காப்பாற்ற ஒரு வாலிபன் ஓடுகிறான். அவள் அவன் கையைப் பிடித்தபடி உயிர்விடுகிறாள். பிறகு அவன் வீட்டுக்குப் பேய் வருகிறது. எல்லாரும் அதை விரட்டப் பார்க்கிறார்கள். அதுவோ அந்த வீட்டுக்கு நல்லது செய்கிறது! படம் முடியும்போது பயம் போய், கண்ணில் நீர் நிற்கும். விபத்துக் காட்சிகள் இருப்பதால், பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றது.

வேஷம் போட்ட பேய்

இன்னொரு வகைப் படம் உண்டு. அதில் பேய் வரும். கடைசியில் அதன் முடிச்சு அவிழும்.

1964-ல் வந்த "வோ கோன் தீ" என்ற இந்திப் படம், 1966-ல் தமிழில் "யார் நீ?" என்று வந்தது. ஜெய்சங்கர் கதாநாயகன். பின்னாளில் முதல்-அமைச்சரான ஜெயலலிதா கதாநாயகி.

கொட்டும் மழை. டாக்டர் ஒருவர் காரில் வருகிறார். வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண் வழியில் நிற்கிறாள். காரில் ஏறுகிறாள். அவள் இறங்கும் இடம் எது? சுடுகாடு!

அவள் மனுஷியா, பேயா? விடையை இங்கே சொல்லிவிட்டால் பார்ப்பவர்களுக்குச் சுவை இருக்காது. ஒன்று மட்டும் சொல்லலாம். படம் முடிந்து படுக்கப் போகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். "இருட்டில் நிற்பது எல்லாம் பேய் அல்ல" என்ற தைரியத்தோடு தூங்கலாம்.

டெலிவிஷனைப் பார்த்தே பயப்படவேண்டுமா? விக்ரம் குமார் டைரக்ஷனில் 2009-ல் வந்த "யாவரும் நலம்" இருக்கிறது. மாதவன் நடித்தது. பதின்மூன்றாவது மாடியில் புது வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவருகிறது. பெண்கள் பகலில் ஒரு தொடர் நாடகம் பார்க்கிறார்கள். அந்த நாடகத்தில் நடப்பது எல்லாம் தங்கள் வீட்டிலும் நடப்பதை மகன் கண்டுபிடிக்கிறான்! கொலைக் காட்சிகள் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

பேயா, நோயா?

தமிழ்நாட்டில் சந்திரமுகியைத் தெரியாதவர்கள் இல்லை. 2005-ல் வந்தது. ரஜினிகாந்த், ஜோதிகா நடித்தார்கள். பி.வாசு டைரக்ட் செய்தார்.

அதற்கு மூலம், பாசில் டைரக்ட் செய்து 1993-ல் வந்த "மணிச்சித்திரத்தாழ்" என்ற மலையாளப் படம். அதில் வரும் நாகவல்லி, தஞ்சாவூரைச் சேர்ந்த நாட்டியக்காரி. தமிழ் பேசுவாள்! அதில் நடித்த ஷோபனாவுக்கு, சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

பூட்டிய அறையை மருமகள் திறக்கிறாள். வீட்டில் விபரீதங்கள் நடக்கின்றன. "பேய் பிடித்துவிட்டது" என்கிறார்கள். மனநோய் டாக்டர் வருகிறார். "பேய் அல்ல, நோய்" என்று சொல்கிறார். அந்தப் பெண்ணை யாரும் அடிக்கக்கூடாது, வெறுக்கக்கூடாது என்று காப்பாற்றுகிறார்.

கணவனும் அவளைக் கைவிடவில்லை. அந்த அன்புதான் கதையின் உயிர்.

அந்தப் படத்தில் ஒரு குறையும் உண்டு. ஒரே இரவில், ஒரு நாடகம் நடத்தி, நோயைத் தீர்த்துவிடுகிறார்கள். நிஜத்தில் அப்படித் தீராது. மருந்து வேண்டும். நாள் ஆகும். பொறுமை வேண்டும். படம் முடிந்ததும், பெரியவர்கள் இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

இது சின்ன விஷயம் அல்ல.

படத்தில் வரும் பேய், விளக்கைப் போட்டதும் போய்விடும். மனத்தில் புகுந்த பேய் நம்பிக்கை எளிதில் போகாது. "பேய் பிடித்தது" என்று சொல்லி, நோய் கண்டவர்களை அடித்தார்கள். கட்டிப்போட்டார்கள்.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை மறக்கமுடியுமா? மனநோயாளிகளைத் தங்கவைத்து இருந்த கீற்றுக்கொட்டகையில் தீப்பிடித்தது. அவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டு இருந்தார்கள். ஓடமுடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அவர்களைக் கொன்றது பேய் அல்ல. தீயும், சங்கிலியும், அறியாமையும்தான்.

2017-ம் ஆண்டில் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று சொல்கிறது. மனம் சரி இல்லாதவர்களை அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டலாம். 14416 என்ற டெலிபோன் எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம்.

ஆகவேதான், "பெண்ணுக்குப் பேய் பிடித்தது, சாட்டையால் அடித்ததும் ஓடிவிட்டது" என்று காட்டும் படங்கள் வீட்டுக்கு வேண்டாம். ரத்தம் கொட்டும் படத்தைவிட அவை கெடுதலானவை. ரத்தக் காட்சியைக் குழந்தை மறந்துவிடும். சாட்டையை மறக்காது.

சொல்லாத பயம்

எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோர் ஒரு முறையாவது பார்க்கவேண்டிய ஆங்கிலப் படம் ஒன்று இருக்கிறது. 1999-ல் வந்த "தி சிக்ஸ்த் சென்ஸ்". எடுத்தவர் மனோஜ் நைட் சியாமளன். புதுச்சேரியைச் சேர்ந்த மாகியில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர்.

ஒரு சிறுவனுக்குச் செத்தவர்கள் கண்ணில் தெரிகிறார்கள். அவன் நடுங்குகிறான். ஆனால் பெற்ற தாயிடம்கூடச் சொல்லமாட்டான். சொன்னால் அம்மா தன்னை ஒருமாதிரி நினைப்பாளோ என்று பயம். குழந்தைகளின் மனத்தை அறிந்த ஒருவர், அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறார். மெல்ல மெல்ல அவன் பயம் மாறுகிறது.

அந்தப் படத்தின் முடிவைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களிடம் சொல்லக்கூடாது!

பேயைவிடப் பெரியது, யாரிடமும் சொல்லாத பயம். அந்தப் படம் சொல்வது அதுதான்.

இன்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு தனியாகப் பேய்ப்படம் பார்க்கிறார்கள். பயந்தாலும் சொல்வது இல்லை. சொன்னால் திட்டு விழும் அல்லவா? இரவில் தூக்கம் இல்லை. கொல்லைப்புறம் போகப் பயம். காரணம் அம்மாவுக்குத் தெரியாது.

திட்டினால் பிள்ளை மறைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பிள்ளை பேசும்.

பார்க்கும் முறை

படத்தின் சான்றிதழை முதலில் பார்க்கவேண்டும். "ஏ" என்றால் பெரியவர்களுக்கு மட்டும். "யு.ஏ." என்பதை 2024-ம் ஆண்டு முதல் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்து இருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பிள்ளைகளை உட்காரவைக்கலாம்.

பெரியவர்களில் ஒருவர் படத்தை முன்னதாகப் பார்த்துவிடுவது நல்லது.

எல்லா விளக்குகளையும் அணைக்கவேண்டாம். ஒன்று எரியட்டும்.

"போதும், பயமாக இருக்கிறது" என்று குழந்தை சொன்னால், உடனே நிறுத்தவேண்டும். "ஆண்பிள்ளை பயப்படலாமா?" என்று கேலி செய்யக்கூடாது.

முடிந்ததும் படுக்கப் போகாமல், பத்து நிமிடம் பேசவேண்டும். "பேய் ஏன் வந்தது? யார் தப்பு செய்தார்கள்? அந்த முகத்துக்கு எப்படி வேஷம் போட்டு இருப்பார்கள்?" என்று கேட்டால், பிள்ளைகளின் மூளை வேலை செய்யும். பயம் தானாக இறங்கும்.

மறுநாள், சோறு உண்ணாத குழந்தையை, "அந்தப் பேய் வந்துவிடும்" என்று மிரட்டக்கூடாது. இரவில் விளையாட்டாகப் பார்த்த பேயைப் பகலில் நிஜமாக்கும் குற்றம் அது.

படம் முடிந்துவிட்டது. பேரன் கையை எடுத்துவிட்டு, கண்களை நன்றாகத் திறந்து பார்க்கிறான்.

"பாட்டி, பேய் நிஜமாக உண்டா?" என்று கேட்கிறான்.

"எனக்கு எழுபது வயது ஆகிறது. பேய்க்கதை சொன்னவர்களைத்தான் பார்த்து இருக்கிறேன். பேயைப் பார்த்தது இல்லை" என்கிறாள் பாட்டி.

பேரன் சிரிக்கிறான். கொல்லைப்புறத்துக்குத் தனியாகப் போய், கால் கழுவிவிட்டு வந்து படுக்கிறான்.

அப்படிப் போகவைக்கும் படம்தான் நல்ல பேய்ப்படம். அந்தப் பேயைத் தாராளமாக வீட்டுக்குள் விடலாம்!